கூரிய கத்தியும் முதற் சீலமும்

பௌர்ணமிதோறும் நாம் சங்கத்தில் ஒருங்கு கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம். ஐந்தனுள் முதலாவது, உயிர்க்கொலையினின்றும் விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்ளுதலாம். வாயினால் ஓதும்பொழுது அஃது எளிதாகவே இருக்கின்றது. ஓதி முடித்து இல்லந் திரும்புங்கால், வழியிலுள்ள கடையில் ஒரு கோழியைச் சுட்டிக்காட்டி, எடை போடச் செய்து, துண்டாக்கி வாங்கிச் செல்வோரும் நம்முள் உளர். பிறரைப் பழிக்கும் பொருட்டு இதனைக் கூறினேன் அல்லேன். எழுதுகின்ற யானே நாற்பது ஆண்டுகள் அவ்வாறு செய்தவன். அந்நாற்பது ஆண்டுகளில் ஒரு நாளேனும் என் கை நடுங்கியதில்லை. சென்ற ஆண்டு, என் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த சேவலை என் கையாலேயே அறுக்க நேர்ந்த காலையில்தான் அது நடுங்கிற்று. அந்நடுக்கம் எனக்குக் கற்பித்தது யாது, கற்பிக்கத் தவறியது யாது என்பவற்றை அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

நிகழ்ந்தது

தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், நம்மவருள் பலர் வைகறையிலேயே இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் மீள்கின்றனர். வீட்டிலிருக்கும் முதியோர்க்கு வரிசை வீட்டின் பின்புறத்திலுள்ள நான்கு முழ நிலமும், ஒரு பஞ்சாரமும், சில கோழிகளுமே பொழுதுபோக்கு, சிறு வருவாயுமாம். எம் இல்லத்தில் ஒரு பெட்டைக்கோழி பதினொரு முட்டைகளை அடைகாத்து ஒன்பது குஞ்சுகளைப் பொரித்தது. பருந்தும் பூனையும் கொண்டுபோனவை போக ஐந்து பிழைத்தன. அவற்றுள் மூன்று சேவல்கள். என் பேத்தி நாள்தோறும் கேழ்வரகும் நொய்யும் இட்டு அவற்றை வளர்த்தாள்.

எட்டாம் மாதத்தில் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையில் குருதி வடிய நிற்கத் தொடங்கின. பெட்டைகளும் முதுகில் இறகிழந்தன. அண்டை வீட்டார் முணுமுணுத்தனர். “விற்றுவிடுங்களேன்” என்றாள் என் மனைவி. உயிருள்ளவற்றை விற்றலும் இறைச்சி விற்றலும் உபாசகர்க்கு ஆகாவெனப் பகவன் விலக்கிய ஐந்து வாணிகங்களுள் இரண்டாகும். ஒரு முறை விற்பது வாணிகம் ஆகாதென்று வாதிக்கலாம். எனினும், எம் கைக்குக் குருதி படாமல் வேறொருவன் கத்திக்கு அவற்றை அனுப்புவதே அவ்விற்பனையின் பொருளென்று எனக்குத் தோன்றிற்று. அந்நாளில் மகளும் மருமகனும் விருந்துக்கு வருவதாக எழுதியிருந்தனர். ஆகவே, உண்பதாயின் ஒன்றை நானே அறுப்பேன், இயன்ற மட்டும் துன்பமின்றி அறுப்பேன் எனத் துணிந்தேன்.

கோழிக்கடையில் பல்லாண்டு வேலை செய்து ஓய்ந்த ஒருவர் எங்கள் வரிசையில் இருக்கின்றார். அவரிடம் முறையைக் கேட்டேன். முந்தின மாலை முதல் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். விடியுமுன், அரையிருளில், துரத்தாமல் எடுக்க வேண்டும். இறகுகளை உடலோடு அணைத்துப் பிடித்தால் அது அமைதியாக இருக்கும். மற்றக் கோழிகளின் கண்ணில் படாத இடத்தில் செய்ய வேண்டும். கழுத்தின் இருபுறத்துப் பெரிய இரத்தக் குழாய்களும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்து, அவர் கூறிய ஒரு சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது: “அண்ணா, கத்தியைத் தீட்டுவதை ராத்திரியே முடித்துவிடுங்கள். பாவம் பார்ப்பதையும் ராத்திரியே முடித்துவிடுங்கள். கத்தியைக் கையிலெடுத்த பிறகு பாவம் பார்த்தால், வலி கோழிக்குத்தான்.”

யான் கத்தியைத் தீட்டினேன். மற்றதைச் செய்யவில்லை. காலையில் சேவல் என் முழங்கால்களுக்கிடையே அடங்கியிருந்தது. நாள்தோறும் தீனியிட்ட வீட்டாரின் கை அன்றோ? அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் துடித்தது. கத்தியை வைத்தேன்; அழுத்தும் கணத்தில் கை பின்வாங்கிற்று. ஒரு புறம் மட்டும் அறுபட்டது. ஒரு புறம் மட்டும் அறுபட்டால் உணர்வு விரைவில் அகலாது, துன்பம் நீளும். அருகில் நின்ற அந்நண்பர் என் கையின்மேல் தம் கையை வைத்து அழுத்தி முடித்தார். இரக்கமென்று யான் எண்ணியிருந்த ஒன்று, அவ்வுயிருக்கு இரண்டாவது வெட்டாக முடிந்தது.

அன்று பகலில் என் பேத்தி கேட்டாள்: “தாத்தா, அதுக்கு வலிச்சுதா?” “இல்லையம்மா, வலிக்கவே இல்லை” என்றேன். காலையில் முதற் சீலம். பகலில் நான்காம் சீலம். ஒன்றன் பின்னே மற்றொன்று எத்துணை எளிதாக வந்து சேர்ந்தது!

வலியும் கொலையும்

இனி, எழுகின்ற வினா இது: துன்பமின்றிக் கொல்வது சீலத்துக்கு உடன்பாடாகுமா? யான் தடுமாறாது, ஒரே இழுப்பில் அறுத்திருந்தால், செய்தது குற்றமற்ற செயலாகி இருக்குமா?

பண்டை உரையாசிரியர்கள் உயிர்க்கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறுவர். உயிருள்ளதொன்று இருத்தல், அஃது உயிருள்ளதென அறிதல், கொல்லும் எண்ணம் கொள்ளுதல், அதற்கென முயலுதல், அம்முயற்சியால் அவ்வுயிர் மாய்தல். இவ்வைந்தும் கூடியவிடத்துக் கொலை நிறைவேறியதாம். இப்பட்டியலை ஊன்றி நோக்குங்கள். இதில் வலி என்பதோர் உறுப்பு இல்லை. வலியின்றிக் கொன்றாலும் ஐந்தும் நிறைந்தே நிற்கும். ஆகவே, கத்தியின் கூர்மையைக் காட்டி முதற் சீலத்தினின்றும் விடுதலை பெற எவராலும் இயலாது.

அங்ஙனமாயின் வலியைக் குறைத்தலால் பயனில்லையோ? பயன் உண்டு. மஜ்ஜிம நிகாயத்து ஜீவக சூத்திரத்தில், ததாகதர் பொருட்டோ அவர் சீடர் பொருட்டோ ஓருயிரைக் கொல்பவன் ஐந்து இடங்களில் தீவினை ஈட்டுகின்றான் எனப் பகவன் மருத்துவன் ஜீவகனுக்கு எண்ணிக் காட்டுகின்றார். அவ்வுயிரைக் கொண்டுவருக என ஏவுதல் ஒன்று. கழுத்திற் கயிறிட்டு இழுத்து வரப்படும்போது அது படும் துன்பம் ஒன்று. கொல்லுக என ஏவுதல் ஒன்று. கொல்லப்படும்போது அது படும் துன்பம் ஒன்று. தகாத அவ்வுணவைப் படைத்தல் ஒன்று. ஐந்தனுள் இரண்டு அவ்வுயிரின் துன்பத்தையே தனித்து எண்ணுவனவாம். கொலை ஒன்றே கணக்காயின், துன்பத்தை இருமுறை தனியே எண்ண வேண்டுவதில்லை. வரும் வழியில் பட்ட துன்பத்தையும் அறுபடும்போது பட்ட துன்பத்தையும் பகவன் கணக்கிலிருந்து விடவில்லை.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கின் நமக்குத் தெளிவு பிறக்கின்றது. துன்பம் குறைத்தல் அவ்வுயிருக்கு நாம் கட்டாயம் செலுத்த வேண்டிய கடன். அக்கடனைச் செலுத்தியதனால் கொலையென்னும் கடன் தீர்ந்துவிடாது. ஒருவனிடம் நூறு ரூபாய் வாங்கியவன் வட்டியைத் தவறாது கட்டுகின்றான் என்பதற்காக முதல் அழிந்து போகுமோ? வட்டியையும் கட்டாதவன் அவனினும் கொடியவன் என்று மட்டுமே சொல்லலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வெல்லையை அறிந்தே பேசுகின்றது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், உணவுக்காக உயிர்களைக் கொல்லுதலைக் குற்றமாக்கவில்லை. தேவையற்ற துன்பம் சேருங்கால் மட்டுமே அது குற்றமாகின்றது. இறைச்சிக் கூடங்களில் ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றைக் கொல்லலாகாது என 2001ஆம் ஆண்டு விதிகள் கூறும். சட்டம் வலியைப் பற்றி மட்டும் வினவுகின்றது. சீலமோ வலியைப் பற்றியும் வினவும். எண்ணத்தைப் பற்றியும் வினவும். சட்டத்துக்குச் சரியாக நடந்தவன் சீலத்தையும் காத்தவனாவான் என்று மயங்குதல் கூடாது.

கடையும் கொல்லையும்

“இத்தொல்லை எல்லாம் எதற்கு? கடையில் வாங்கியிருந்தால் சீலமும் கெடாது, கையும் நடுங்காது” என ஒரு நண்பர் என்னிடம் கூறினார். கண்டது, கேட்டது, ஐயுற்றது என்னும் மூன்று குற்றங்களும் நீங்கிய ஊனைப் பிக்குகள் ஏற்கலாம் என்னும் விதியை அவர் சான்று காட்டினார்.

அவ்விதி உள்ளதே. ஊனும் மீனும் அறவே விலக்குக எனத் தேவதத்தன் வற்புறுத்திய காலையில் பகவன் அதனைச் சங்கத்துக்குக் கட்டாய விதியாக்க இசையாததும் உண்மையே. ஆயினும் அவ்விதி ஓடேந்தி வீடு வீடாகச் சென்று, இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு உரியது. அவன் எதனையும் வேண்டிக் கேட்பவன் அல்லன். நாமோ பணப்பையோடு கடைவாயிலில் நிற்கின்றோம். நம் ஊர்க் கோழிக்கடையில் நிகழ்வதை நினைவிற் கொள்ளுங்கள். கூண்டினுள் நெருக்கியடைத்த ‘பிராய்லர்’ கோழிகள். பொரித்து ஆறு அல்லது ஏழு வாரங்களே ஆனவை. “அதோ, அந்தப் பெரிய கோழி” என விரல் நீட்டுகின்றோம். அது தராசில் ஏறுவதைக் காண்கின்றோம். கூண்டிலுள்ள மற்றவற்றின் எதிரிலேயே கழுத்தறுத்துப் பீப்பாயினுள் எறியப்பட்டு அது அடித்துக் கொள்ளும் ஓசையைக் கேட்கின்றோம். எவர் பொருட்டு அது கொல்லப்பட்டதென ஐயுறவும் இடமில்லை. கண்டல், கேட்டல், ஐயுறல் என மூன்றையும் கடந்து, ஏவுதலையும் நாமே செய்துவிட்டோம். ஜீவகனுக்குச் சொன்ன ஐந்தில் முதலும் மூன்றும் நம் நாவினால் நிகழ்ந்தன. கத்தி பிடித்தவன் நம்மிடம் கூலி பெற்றவன். கொல்லையில் யான் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு, கை யாருடையது என்பது மட்டுமே. உண்பதற்கென வாங்குவோர் இன்றேல் விலைக்கென விற்போரும் இரார் என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் புலால் மறுத்தலில் வைத்துள்ளார்.

கால்களைக் கட்டித் தலைகீழாக இருசக்கர வண்டியின் இருபுறமும் தொங்கவிடப்பட்ட கோழிகள் நண்பகல் வெயிலில் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கழுத்திற் கயிறிட்டு இழுத்துவரும் துன்பத்தைப் பகவன் தனித்து எண்ணினாரே, அஃது இதுவன்றி வேறென்ன? கொல்லைச் சேவலுக்கு இத்துன்பம் இருந்ததில்லை. அது மண்ணைக் கிளறிற்று, வெயில் காய்ந்தது, கூவிற்று. அவ்வகையில் கடைக்கோழியினும் அது நன்கு வாழ்ந்தது. ஆனால் நன்கு வாழ்ந்ததென்பது கொல்லப்படுவதற்கு ஒரு காரணம் ஆகுமா? ஆகாது. கடையில் என் கை நடுங்காமைக்குக் காரணம் அங்கே கொலை சிறிதாக இருந்தமை அன்று; அஃது என் கண்ணுக்கு அப்பால் இருந்தமையே. நாற்பது ஆண்டுகள் நடுங்கியிருக்க வேண்டிய கை, ஒரு காலையில் மொத்தமாக நடுங்கிற்று.

நம்மவர் நெஞ்சிலுள்ள முள்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். அதனைச் சிறியதென யான் தள்ளமாட்டேன். “ஊனுண்பவர் இழிந்தோர் எனச் சொல்லியே நம்மைச் சேரிக்குத் துரத்தினர். இன்று வாடகைக்கு வீடு கேட்டுச் சென்றால், என்ன உண்பாய் என்று கேட்டுச் சாதியை அறிகின்றனர். நம் பிள்ளைகளின் உணவுப் பெட்டியைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். அத்தகையோரின் வழக்கத்தை, கருணையென்னும் பெயரால், நம் சங்கத்துக்குள்ளும் கொணர்வதோ?” என்பதே அம்மறுப்பு.

இக்கேள்வியில் உண்மை உண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டாமையின் தோற்றம் பற்றிய நூலில், பௌத்தத்தைக் கைவிடாதிருந்த சிதறுண்ட மக்கள் இறந்த பசுவின் ஊனை உண்டமையே அவர்மீது தீண்டாமையைச் சுமத்தக் காரணமாயிற்று என்றும், பௌத்தத்தை வெல்லும் பொருட்டே பார்ப்பனர் புலாலைத் துறந்தனர் என்றும் நிறுவினார். உணவினால் மனிதரை உயர்ந்தோரென்றும் தாழ்ந்தோரென்றும் பகுத்தல் அறமன்று, அதர்மமேயாம்.

ஆனால் பகவனின் மொழியைக் கேளுங்கள். சுத்த நிபாதத்தில் ஆமகந்த சூத்திரம் என ஒன்றுண்டு. ஊனுண்பவன் புலைநாற்றம் உடையவன் எனக் குறை கூறிய ஒருவனுக்கு விடையாக அமைந்தது அது. புலைநாற்றமாவது ஊனுண்ணல் அன்று என அச்சூத்திரம் மீண்டும் மீண்டும் அறுதியிட்டு உரைக்கின்றது. நம்மை இழித்தோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை. ஆயினும், எது புலைநாற்றம் என எண்ணத் தொடங்கும் அப்பட்டியலின் தலைப்பில் நிற்பவை எவை? உயிரைக் கொல்லுதல், அடித்தல், வெட்டுதல், கட்டுதல். அதன் பின்னரே களவும் பொய்யும் வஞ்சனையும் வருகின்றன. ஆகவே, தட்டிலுள்ள ஊன் எவனையும் தீட்டாக்காது. கால் கட்டிய கயிறும் கழுத்தில் வைத்த கத்தியும் நம் நெஞ்சைத் தொடாமல் போகா. முதற் பாதியைப் பகைவர்க்குச் சொல்லுவோம். பிற்பாதியை நமக்கு நாமே சொல்லிக் கொள்ளுவோம்.

நம் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனையும் நினையுங்கள். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவின் துயர் பொறாது, இரவில் அதனைக் கொண்டு சென்றான். அதனால் அவன் பெற்றது உயர்வோ? பார்ப்பனர் அவனைப் பிடித்து அடித்தனர், பிறப்பைப் பழித்தனர், ஊரைவிட்டு விலக்கினர். தமிழ்ப் பௌத்தம் நமக்குக் காட்டும் கருணை, சாதியின் மேற்படியில் ஏறி நிற்பதற்கு உதவிய கருணை அன்று. இருந்த படியினின்றும் தள்ளப்படுவதற்குக் காரணமான கருணை. நாம் கோழியின் துன்பத்தைக் கருதுவது பிறரைப் பார்த்து நடிப்பதாகாது. நமக்குரிய பழஞ்சொத்தைத் திரும்பக் கைக்கொள்வதேயாம்.

நம் முன்னோர் தம்மத்தைத் தழுவிய காலையில் ஊர்த் தேவதைகளுக்குச் சேவல் பலியிடுவதை நிறுத்தினர். உறவினர் பகைத்தனர், தெய்வக் குற்றம் வருமென அச்சுறுத்தினர், அவர்கள் அசையவில்லை. அவ்வீரத்தைப் போற்றுகின்ற நாம், விருந்தென்னும் பெயரால் அச்சேவலை அறுக்குங்கால் ஒன்றை எண்ண வேண்டும். தேவதைக்காகக் கத்தி வருகின்றதா, நாவின் சுவைக்காக வருகின்றதா என்பதைச் சேவல் அறியாது.

தேவையும் விருப்பமும்

1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் பாபாசாகேப், கொல்ல வேண்டிய தேவைக்கும் கொல்லும் விருப்பத்துக்கும் வேறுபாடு காட்டினார். அகிம்சை ஒரு நெறியேயன்றி இரும்பாலான விதியன்று. விதி மனிதனைக் கட்டும், நெறியோ அவனைச் சிந்திக்கவிடும் என்பது அவர் கருத்து. இதனைத் தமக்கு வேண்டியவாறு வளைத்து, “தேவைக்குக் கொல்லலாம் என்று அவரே கூறிவிட்டார்” என்போர் உளர். அவர்கள் ஒன்றை மறந்தனர். சிந்திக்கவிடும் நெறி, விதியினும் பளு மிக்கது. விதியின்கீழ் வாழ்பவன் ஒருமுறை கீழ்ப்படிந்தால் போதும். நெறியின்கீழ் வாழ்பவன் ஒவ்வொரு முறையும் தன் நெஞ்சை நிறுத்திக் கேட்க வேண்டும்: இது தேவையா, விருப்பமா?

யான் கேட்டேன். நோயுற்ற குழந்தைக்கு வேறு ஊட்டம் கிட்டாத வறியவள் ஒருத்தி தன் கோழியை அறுப்பாளாயின், அவளைத் தேவையின்பால் நிறுத்தலாம். அவளை இகழ எனக்கு வாயில்லை. என் செய்தி அஃதன்று. விருந்துக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் இருந்தன. சேவல்களின் பூசல் தேவையன்றோ என்றும் எனக்கு நானே வாதிட்டேன். அவற்றைப் பிரித்தடைக்க ஒரு தட்டி போதுமே என்பது பின்னர்தான் தோன்றிற்று. முன்னர் தோன்றாமைக்குக் காரணம், விருந்தின் மணம் முன்னரே மூக்கில் ஏறியிருந்ததே.

இன்னும் பின்னோக்கிச் சென்றேன். அடைவைக்கும் முட்டைகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகும் என்பது கோழி வளர்ப்போர் அறிந்ததே. பல சேவல்களை ஒரு கொல்லையில் வைத்து வளர்க்க இயலாது என்பதும் அறிந்ததே. அங்ஙனமாயின், பதினொரு முட்டைகளைக் கோழியின் அடியில் வைத்த அந்நாளிலேயே யான் கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டேன். எண்ணமே வினையென்று பகவன் கூறியதன் ஆழம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. எண்ணம் கத்தி எடுத்த காலையில் பிறந்ததன்று. பத்து மாதங்களுக்குமுன் வைக்கோலின்மேல் பிறந்தது.

எண்ணிக் குறைத்தல்

இனிச் செய்யக் கடவது யாது? அசோக மாமன்னரின் முதற் பாறைச் சாசனம் எனக்கு வழிகாட்டுகின்றது. ஆந்திரத்துக் கர்நூல் மாவட்டம் எர்ரகுடியிலும் அச்சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. முன்னர் அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது மூன்று மட்டுமே, இரண்டு மயிலும் ஒரு மானும், அம்மானும் எப்போதும் அன்று என்றும், இம்மூன்றும் இனிக் கொல்லப்படா என்றும் அம்மன்னர் கல்லில் வெட்டுவித்தார். தம் மடைப்பள்ளி தூயதென அவர் பறைசாற்றவில்லை. மூன்று என்னும் எண்ணை உலகறியச் சொன்னார். முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் வெட்டுவித்த தூண் சாசனம் ஒன்றில், சேவல்களுக்கு விதையடித்தல் ஆகாது என்றுகூடக் கட்டளையிட்டார். பேரரசன் ஒருவன் சேவலின் துன்பத்தைக் கல்லில் எழுதத் தகுந்ததாகக் கருதினான்.

சீலம் என்பது பயிற்சி. பயிற்சி செய்பவன் தன் கணக்கை மறைத்தல் ஆகாது. கொல்லவில்லை என்பவன் உண்மையிற் கொல்லாதிருக்க வேண்டும். கொல்பவன் கொன்றேன் என்று சொல்ல வேண்டும். கொலைக்குக் கருணையென்று பெயரிடுதல் மட்டும் நமக்கு வேண்டா. அதனைச் செய்யும் நிலை எவர்க்கேனும் நேருமாயின், நண்பர் கூறியவாறு கத்தியையும் நெஞ்சையும் முன்னிரவே ஆயத்தம் செய்க. அறியாதவன் தனியே முயலாது அறிந்தவரை அருகில் வைத்துக் கொள்க. அமைதியாக எடுத்து, மற்றவை காணாமல், ஒரே இழுப்பில் முடிக்க. அதன்பின் வட்டி கட்டியாயிற்று, முதல் நிற்கின்றது என்பதை மறவாதிருக்க.

எம் இல்லத்தில் யாங்கள் கைக்கொண்டவற்றைக் கூறுகின்றேன்; பிறர்க்கு விதியாகக் கூறவில்லை. கடையில் கோழி வாங்குவதை நிறுத்தினோம். முட்டைகளை அடைவைப்பதையும் நிறுத்தினோம். சேவல் சேராமலும் பெட்டைகள் முட்டையிடும், அம்முட்டையில் குஞ்சு இல்லை. கடை முட்டையைக் குறைத்துக் கொண்டோம். முட்டைக்கென வளர்க்கும் பண்ணை இனங்களில் ஆண் குஞ்சுகள் பொரித்தவுடனே அழிக்கப்படுவது அத்தொழிலின் வழக்கமாதலின். இட்டு ஓய்ந்த பெட்டைகளைச் சாகுமட்டும் வைத்துக் காப்பதென்றும் முடிவு செய்தோம். அதுவே கடினமானது. பயன்தரும் உயிரிடத்து அன்பு காட்டுதல் எவர்க்கும் எளிது. பயனற்றுப் போன கோழிக்கு நாளும் ஒரு பிடி கேழ்வரகு இடுங்கையில்தான் நம் மைத்திரியின் அளவு தெரியும். எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பது 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று. காப்பேன் என்னும் சொல்லுக்குக் கணக்கில் வரும் செலவு அப்பிடி கேழ்வரகேயாம்.

எஞ்சிய சேவல்கள் இரண்டும் தட்டியின் இருபுறத்தும் இன்றும் இருக்கின்றன. விடியலில் ஒன்று கூவ மற்றொன்று மறுமொழி கூவும். அண்டை வீட்டார் இன்னும் முணுமுணுக்கின்றனர். அதனையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதாகவே உளது.

சொல்ல வேண்டியது இன்னுமொன்று. அடுத்த பௌர்ணமியன்று சீலம் ஓதுங்கால், பொய் விலக்கும் நான்காம் சீலம் என் தொண்டையில் நின்றது. வீடு திரும்பியதும் பேத்தியை அழைத்து, “கண்ணு, அன்றைக்குத் தாத்தா பொய் சொன்னேன். அதுக்கு வலிச்சுது. என் கை தடுமாறியதால் கூடவே வலிச்சுது” என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “எனக்குத் தெரியும் தாத்தா, நான் கேட்டுட்டுதான் இருந்தேன்” என்றாள். மற்றவை காணலாகாதென மறைவிடம் தேடிய யான், அக்குழந்தையின் செவியை எண்ணினேன் அல்லேன். நாம் செய்வதைக் கேட்டுக் கொண்டிருப்பவர் இல்லத்துள்ளேயே இருக்கின்றனர். அவர்கள் நாளை எதனைச் சீலமென ஓதப் போகின்றார்கள் என்பது, இன்று நாம் உண்மையை அவர்களுக்குச் சொல்லுகின்றோமா என்பதைப் பொறுத்தது.